கரையாத மருந்தைக் கரைத்த கதை



மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு நான் வைத்தியனல்லன், மருந்தாளனுமல்லன். பல்கலைக்கழகத்திலே வரலாறும் தமிழும் பயின்று, ஆசிரியத் தொழிலிற் புகுந்து, இப்போது அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். இரசாயனம் என்றாலே பரீட்சைக்காலத்து வயிற்றுக் கலக்கம் நினைவுக்கு வரும் கூட்டத்தைச் சேர்ந்தவன். அப்படிப்பட்ட என்னை இந்த விடயத்துக்குள் இழுத்துவிட்டவன், சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் விடுதியிலே தங்கிப் படித்த ஒரு சிறுவன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தலையிலே படை பிடித்துவிட்டது. பங்கசு என்னும் நுண்ணிய பூஞ்சணம் மயிரின் வேரிலே குடியேறி, ரூபாய்க் காசளவில் வட்டவட்டமாக மயிரை உதிர்த்துவிடும் நோய் அது. மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க மறுத்தார்கள், பட்டப்பெயர் வைத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியிலே கிறிசியோபுல்வின் என்னும் குளிசை கொடுத்திருந்தார்கள். பையன் ஒரு நாளும் தவறவிடாமல் விழுங்கினான். ஒரு மாதம் போயிற்று, படை குறையவில்லை. ஒருநாள் மாலை என் காரியாலய வாசலில் வந்து நின்று, "சேர், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கோ. நான் இனிப் படிக்க வரேல்லை" என்றான். மருந்து பலிக்காமையினால் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுவிடப் பார்த்தது.

மறுநாள் நானே அவனை அழைத்துக்கொண்டு போனேன். வேறொரு வைத்தியர், வயதில் இளைய அம்மையார், தலையைப் பார்த்தார். மருந்துச் சரையைப் பார்த்தார். பின்னர் பையனைப் பார்த்து, "தம்பி, இந்தக் குளிசையை எப்ப போடுறனீர்?" என்று கேட்டார். "விடியப் பல்லுத் தீட்டினவுடன், வெறுந்தேத்தண்ணியோடை" என்றான் அவன். அம்மையார் என் பக்கம் திரும்பி, "மருந்து சரியான மருந்துதான், அதிபர். ஆனால் அது இவருடைய வயிற்றுக்குள் கரையவேயில்லை. இனிமேல் மத்தியானம் சாப்பிட்டு முடிந்த கையோடு கொடுங்கள். சாப்பாட்டில் கொழுப்பு இருக்கவேண்டும், முட்டையோ பாலோ தேங்காய்ப்பாற் சொதியோ எதுவென்றாலும் சரி" என்றார். மருந்தை மாற்றவில்லை, அளவைக் கூட்டவுமில்லை.

அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. விழுங்கிய மருந்து கரையாமலும் இருக்குமோ? எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லிய வழியிலே நூல்களையும் புரட்டினேன். அவ்வாறு அறிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். குளிசை உடைவது வேறு, கரைவது வேறு. ஒரு குவளை நீரிலே உப்பைப் போட்டுக் கலக்குங்கள். சிறிது நேரத்தில் உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு துளியும் கரிக்கும். அதே குவளையிலே செங்கற் பொடியைப் போட்டுக் கலக்குங்கள். நீர் சிவக்கும், பொடி மிதக்கும், பின்னர் அடியிற் படியும். பொடியாயிற்றே ஒழியக் கரையவில்லை. வாயால் விழுங்கும் மருந்து குருதியைச் சேரவேண்டுமானால் சிறுகுடலின் உட்சுவரைக் கடக்கவேண்டும். அச்சுவர் பொடியை உள்ளே விடாது. நீரிலே தனித்தனி மூலக்கூறாய்ப் பிரிந்து நிற்பதையே விடும். கரையாத பகுதி, குடல்வழியே பயணம் செய்து மலத்தோடு வெளியேறிவிடும்.

இனி அளவைப் பாருங்கள். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசையொன்று முழுவதும் கரைவதற்கு அரைக் கோப்பை நீர்கூடத் தேவையில்லை. கிறிசியோபுல்வினோ ஒரு லீற்றர் நீரிலே ஏறத்தாழப் பத்து மில்லிகிராம் அளவுதான் கரையும். அப்படியானால் 500 மில்லிகிராமைக் கரைக்க நாற்பது, ஐம்பது லீற்றர் நீர் வேண்டும். கிணற்றடியிலே நாலைந்து வாளித் தண்ணீர். எங்கள் பையன் குடித்தது ஒரு கோப்பை வெறுந்தேநீர்!

இத்தகைய மருந்துகள் ஒன்றிரண்டல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் மருந்துப் பொருள்களிலே பெரும்பகுதி நீரிலே கரைவதற்கு மறுப்பனவே. காரணமும் உண்டு. நோயுண்டாக்கும் கலத்தினுள்ளே சென்று அங்குள்ள புரதத்தின் எண்ணெய்ப் பசையுள்ள பள்ளத்திலே ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றே வேதியியலார் அவற்றை ஆக்குகின்றனர். எண்ணெய்க்கு உறவானது நீருக்குப் பகையாதல் இயல்பு அன்றோ?

ஆகவே, கரையாததைக் கரைப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. இதற்கான முதற்படி மருந்துச்சாலையிலே வைக்கப்படவில்லை. 1897ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மாசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நோயஸ், விற்னி என்னும் இருவர், நீரிலே அரிதிற் கரையும் இரண்டு பொருள்களை எடுத்தனர். ஒன்று பென்சோயிக்கமிலம், மற்றது ஈயக்குளோரைட்டு. அவற்றைக் கோல்களாகச் செய்து, நீரினுள்ளே சுழலவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று அளந்தனர். திண்மத்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய நீர்ப்படலமொன்று இருக்கிறது. அது கணத்தில் நிரம்பிவிடுகிறது. அதற்கப்பால் வெளியே பரவும் வேகமே கரைதலின் வேகம் என்று அவர்கள் கண்டனர். கோயில் வாசலிலே நெரிசலாக நிற்பவர்கள் வீதிக்குக் கலைந்து போனாலன்றி உள்ளிருப்போர் வெளிவர முடியாது. அது போன்றது இது. பின்வந்தோர் இவ்விதியோடு மேற்பரப்பின் அளவையும் சேர்த்துக்கொண்டனர்: வாசல்கள் பெருகினால் வெளியேற்றமும் பெருகும். நோயசும் விற்னியும் நோயாளியை நினைத்து இதைச் செய்யவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே மருந்துக் குளிசைகளோடு இவ்விதி உறுதியாகப் பொருத்திப் பார்க்கப்பட்டது.

வாசல்களைப் பெருக்குவதற்கு எளிய வழி அரைத்தல். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கற்கண்டுக் கட்டியொன்றின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். ஒரு தபால் முத்திரையின் அளவு. அதை ஒரு மில்லிமீற்றர்ப் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் அறுபது சதுர சென்ரிமீற்றர். மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கான மைக்கிரோன் அளவுக்கு அரைத்துவிட்டால் ஆறு சதுர மீற்றர். ஒரு சிறிய அறையின் தரைக்கு ஒப்பாகும். கட்டி அதேதான், நிறையும் அதேதான். மேற்பரப்பு மாத்திரம் பதினாயிரம் மடங்காகிவிட்டது.

கிறிசியோபுல்வினின் வரலாறே இதற்குச் சான்று. 1939இல் இங்கிலாந்திலே ஒருவகைப் பெனிசிலியப் பூஞ்சணத்திலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் அளவில் மனிதருக்கு உதவாமற் கிடந்தது. 1958இல் கினிப் பன்றிகளின் படையை வாய்வழி மருந்தாக அது குணப்படுத்துவது தெரியவந்தபின் மனிதருக்கும் கொடுக்கத் தொடங்கினர். அக்காலத்திலே நாளொன்றுக்கு ஒரு கிராம் கொடுத்தார்கள். 1962இல் வெளிவந்த ஆய்வொன்று, மிக நுண்ணிய தூளாக்கிய மருந்து அரைக் கிராமே, பருந்தூளான மருந்து ஒரு கிராம் தரும் குருதியளவைத் தருகிறது என்று காட்டியது. அரைப்பதினாலேயே மருந்தின் அளவு பாதியாயிற்று, செலவும் குறைந்தது. இன்று மைக்கிரோனிலும் பன்மடங்கு சிறிய துணிக்கைகளாக அரைத்த மருந்துகளும் வழக்கில் உள்ளன.

இவ்விடத்திலே எங்கள் சித்த வைத்தியர்களை நினையாமலிருக்க முடியவில்லை. மருந்தைக் கல்வத்திலிட்டுச் சாமக்கணக்காய் அரைக்கவேண்டும் என்பார்கள். அரைத்ததை நெய்யிலும் தேனிலும் பாலிலும் குழைத்துக் கொடு என்று அனுபானம் வகுப்பார்கள். இதைக் கொண்டு, இன்றைய விஞ்ஞானம் முழுவதையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார் என்று மேடையேறிச் சொல்வாரோடு நான் சேரேன். ஆயினும், அரைப்பிலும் அனுபானத்திலும் ஏதோ பலன் உண்டென்று அனுபவத்தாற் கண்டிருந்தார்கள் என்பதை மறுப்பதும் நேர்மையன்று.

அரைத்தலுக்கும் எல்லையுண்டு. தூள் மிகவும் நுண்ணியதானால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடும். விரைவாகக் கரைவது எப்போதும் நன்மையுமன்று. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் நைற்றோபியூரன்ரோயின் என்னும் மருந்தைச் சற்றுப் பெரிய பளிங்குகளாகச் செய்து கொடுக்கிறார்கள். மெல்லக் கரைந்தாற்றான் குமட்டல் குறைகிறது.

அமிலத்தன்மையோ காரத்தன்மையோ உள்ள மருந்தானால் அதை உப்பாக மாற்றிவிடலாம் என்பது இன்னொரு வழி. அஸ்பிரின் ஓர் அமிலம். அதன் ஒரு பங்கைக் கரைக்க முந்நூறு பங்கு நீர் வேண்டும். கரையாத துகள் இரைப்பையின் சுவரிலே ஒட்டிப் புண்ணாக்கும். சுண்ணாம்பின் இனமாகிய கல்சியம் காபனேற்றை அதனோடு சேர்த்துக் குளிசையாக்கி நீரிலிட்டால், குமிழி பொங்கும். அஸ்பிரின் கல்சிய உப்பாகி நீரோடு கலந்துவிடும். தலையிடிக்குக் குவளையிலே போட்டுக் கரைத்துக் குடித்த டிஸ்பிரினை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நீர் மறுத்தால் வேறொரு திரவத்திலே கரைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டதன் விளைவாகவே 1937இல் அமெரிக்காவில் ஒரு பெருங்கொடுமை நேர்ந்தது. சல்பனிலமைட்டு என்னும் மருந்து அக்காலத்திலே தொற்றுநோய்களுக்கு வரப்பிரசாதமாக இருந்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கப் பாணியாக வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டார்கள். அது நீரிலும் மதுசாரத்திலும் போதிய அளவு கரையவில்லை. ஒரு கொம்பனியின் இரசாயனர் டையெதிலீன் கிளைக்கோல் என்னும் இனிப்பான திரவத்திலே அதைக் கரைத்தார், நன்றாகக் கரைந்தது. நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தார்கள். நஞ்சோ என்று சோதிக்கவில்லை. அக்காலச் சட்டம் அதைக் கேட்கவுமில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுட் பல குழந்தைகள், சிறுநீரகம் பழுதுபட்டு மாண்டனர். அடுத்த ஆண்டிலே, விற்குமுன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்கவேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டிலே பிறந்தது. ஆயினும் அத்திரவம் தொலைந்துபோகவில்லை. 2022இல் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிலே, இதே நஞ்சு கலந்திருந்த இருமற் பாணியால் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அங்கே நடந்தது தெரிந்து கரைத்ததல்ல. நல்ல கரைப்பானின் இடத்திலே கலப்படமாகப் புகுந்தது. பெற்ற மனத்துக்கு இந்த வேறுபாடு எம்மாத்திரம்?

நல்ல கரைப்பான் ஒன்று நம்முடைய உடலிலேயே உண்டு. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்தவுடன் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை ஊற்றுகிறது. பித்த உப்புகள் சவர்க்காரம் போன்றவை. எண்ணெய் படிந்த கையை வெறுந்தண்ணீரிலே கழுவினால் போகாது. சவர்க்காரம் போட்டால் போகிறது. அவ்வாறே பித்த உப்பின் மூலக்கூறுகள் கூடிச் சிறுசிறு பொட்டலங்களாகி, கரைய மறுக்கும் மருந்தைத் தம்முள்ளே சுமந்து குடற்சுவர்வரை கொண்டுபோய்விடுகின்றன. வைத்தியர் அம்மையார் சொதியைப் பரிந்துரைத்ததன் காரணம் இதுவே. கிறிசியோபுல்வின் கொழுப்புணவோடு சேர்ந்தால் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்பது 1960களின் தொடக்கத்திலேயே அளந்தறியப்பட்டது. சிறுநீரகம் மாற்றி வைக்கப்பட்டோர் உட்கொள்ளும் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தின் பழைய வடிவம், பித்தநீரின் போக்குக்கேற்பக் குருதியிலே கூடியும் குறைந்தும் நின்றது. குறைந்தால் உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்காது. கூடினால் அதே சிறுநீரகத்தைக் கெடுக்கும். எண்ணெயையும் சவர்க்காரத்தன்மையுள்ள பொருளையும் முன்கூட்டியே மருந்தோடு கலந்து, நீர்பட்டவுடன் தானே நுண்துளிகளாகும் வடிவமொன்று 1990களிலே வந்தது. அதன்பின் இந்த ஊசலாட்டம் பெரிதும் தணிந்தது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் தும்பு முட்டாசு வாங்கித் தின்றிருப்பார்கள். கற்கண்டும் சீனிதான், தும்பு முட்டாசும் சீனிதான். கற்கண்டை வாயிலே போட்டால் நெடுநேரம் கிடக்கும். தும்பு முட்டாசு நாக்கிலே பட்டதும் காணாமற் போய்விடும். ஏன்? கற்கண்டிலே மூலக்கூறுகள் அணிவகுத்த படைபோல வரிசைவரிசையாகக் கைகோத்து நிற்கின்றன, அதுவே பளிங்கு. அந்தப் பிடியை விடுவிப்பதற்கு நீர் பாடுபட வேண்டும். உருக்கிய சீனியைச் சுழற்றித் திடீரென்று குளிரவிட்டால், மூலக்கூறுகளுக்கு அணிவகுக்க நேரமில்லை. சந்தைக் கூட்டம்போலக் குழம்பியபடியே உறைந்துவிடுகின்றன. பிடி தளர்ந்திருப்பதால் நீர் பட்டதும் பிரிந்துவிடுகின்றன.

மருந்தையும் இவ்வாறு செய்யலாமே! 1961இல் யப்பானிலே செக்கிகுச்சி, ஓபி என்னும் இருவர் சல்பாதயசோல் என்னும் மருந்தை யூரியாவோடு உருக்கி, விரைந்து குளிரவைத்து, இடித்துத் தூளாக்கினர். நீரிலிட்டால் யூரியா உடனே கரைந்துபோக, மருந்து மிக நுண்ணிய துணிக்கைகளாய் விடுபட்டது. வெறும் மருந்தைவிட வேகமாக உடலிற் சேர்ந்தது. பின்வந்தோர் யூரியாவை விட்டு, நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளையுடைய பல்பகுதியங்களை எடுத்துக்கொண்டனர். மருந்தின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அச்சங்கிலிகளுக்கிடையிலே சிறைப்பட்டு, அணிவகுக்க வழியின்றிக் கிடக்கும். வயிற்றிலே விடுபட்டதும் ஒரேயடியாகப் பெருமளவிற் கரையும். திரும்பவும் கூடிப் பளிங்காகாமல் அச்சங்கிலிகளே சிறிது நேரம் தடுத்து நிற்கும். அந்தச் சிறிது நேரம் குடலுக்குப் போதும். பங்கசு நோய்களுக்குரிய இற்றாகொனசோல், சின்னஞ்சிறு சீனியுருண்டைகளின்மீது பல்பகுதியத்தோடு சேர்த்து இவ்வாறே பூசப்பட்டு உறைகளில் அடைக்கப்படுகிறது.

ஆனால் தும்பு முட்டாசை வாங்கி மறுநாள் தின்ன நினைத்தவர் என்ன கண்டார்? ஈரக்காற்றுப் பட்டு, சுருங்கி, சீனிக்கட்டியாகிக் கிடந்ததைக் கண்டார். குழம்பிய கூட்டம் எப்போதும் அணிவகுக்கவே விரும்புகிறது. பளிங்கின் இந்தப் பிடிவாதம் என்ன செய்யும் என்பதை 1998ஆம் ஆண்டு காட்டியது. எயிட்ஸ் நோயாளருக்கான றிற்றோனாவிர் என்னும் மருந்து 1996இல் விற்பனைக்கு வந்திருந்தது. மருந்தைத் திரவத்திலே கரைத்து உறைகளில் நிரப்பிக் கொடுத்தனர். ஈராண்டு எல்லாம் சரியாகவே நடந்தது. பின்னர் திடீரென்று உறைகளுக்குள்ளே முன்னர் எவரும் கண்டிராத புதிய பளிங்குருவொன்று தோன்றியது. அணு மாறவில்லை, மூலக்கூறு மாறவில்லை. அணிவகுப்பு மாத்திரம் மாறியிருந்தது. புதிய அணிவகுப்பு மிகவும் உறுதியானது. எனவே கரைதிறன் மிகவும் குறைந்தது. உறைகள் கரைசற் சோதனையிலே தவறின. புதிய பளிங்கின் கண்ணுக்குத் தெரியாத துகள் எங்கே பரவியதோ அங்கெல்லாம் பழைய உரு உண்டாக மறுத்தது. உறைகளை நிறுத்தவேண்டியதாயிற்று. உயிரைப் பிடித்துவைத்திருக்கும் மருந்தை, குமட்டும் சுவையுள்ள பாணியாகக் குடிக்க வேண்டிய நிலை நோயாளருக்கு ஏற்பட்டது. அடுத்து வந்த உறைகளைக் குளிர்சாதனப் பெட்டியிலே வைக்கவேண்டியிருந்தது. மின்சாரமில்லாத ஆபிரிக்கக் கிராமத்திலே குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே போவது? மருந்தையும் பல்பகுதியத்தையும் சூடாக்கி உருக்கிப் பிசைந்து, இடியப்ப உரலிலே மாவைப் பிழிவதுபோலப் பிழிந்தெடுத்துச் செய்யும் முறையே இதற்கு முடிவு கண்டது. அம்முறையிலே லொபினாவிரும் றிற்றோனாவிரும் சேர்ந்த குளிசை 2005இலும், றிற்றோனாவிர் தனிக்குளிசை 2010இலும் வந்தன. இரண்டுக்கும் குளிர்சாதனம் வேண்டியதில்லை. 2021இன் இறுதியில் கோவிட் நோய்க்கென்று வந்த கூட்டு மருந்திலே துணையாகச் சேர்ந்திருந்ததும் இதே றிற்றோனாவிர்தான்.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், "மருந்து கரையாவிட்டால் பலியாது, அவ்வளவுதானே?" என்று எண்ணலாம். அவ்வளவன்று. 1968, 69ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிலே வலிப்பு நோயாளர் பலர் தள்ளாடத் தொடங்கினர், கண் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நாக்குக் குழறியது. எல்லோரும் பெனிற்றோயின் என்னும் வலிப்பு மருந்தை வழக்கமான அளவிலேயே உட்கொண்டவர்கள். அளவிலே பிழையில்லை, மருந்திலே பிழையில்லை. ஆராய்ந்தபோது, உறையை நிரப்புவதற்காக மருந்தோடு சேர்க்கப்படும் வெறுந்தூள் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. முன்னர் கல்சியம் சல்பேற்று. பின்னர் லக்ரோசு என்னும் பாற்சீனி. பழைய தூள் மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்திருந்தது. வைத்தியர்கள் அதை அறியாமலே அந்தக் குறைக்கேற்ப அளவைக் கூட்டி வைத்திருந்தார்கள். தடை நீங்கியதும் அதே அளவு நஞ்சாயிற்று.

இதயத்துக்குக் கொடுக்கும் டிஜொக்சினின் கதையும் இத்தகையதே. கால் மில்லிகிராம் அளவிலே கொடுக்கப்படும் மருந்து அது. பலனுக்கும் நஞ்சுக்கும் இடையிலே சிறு இடைவெளிதான். 1971இல் நியூயோர்க்கிலே லிண்டென்போம் என்னும் வைத்தியரும் அவரோடு சேர்ந்தோரும் வெவ்வேறு டிஜொக்சின் குளிசைகளை ஒரே ஆட்களுக்குக் கொடுத்துக் குருதியை அளந்தபோது, ஒன்றுக்கொன்று ஏழு மடங்குவரை வேறுபாடு கண்டனர். சீட்டிலே எழுதியிருந்த அளவோ ஒன்றே.

இத்தகைய அனுபவங்களே கரைசற் சோதனையைச் சட்டமாக்கின. 1970இல் அமெரிக்க மருந்து நியம நூல் அதை ஏற்றுக்கொண்டது. உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியசிலே வைத்த திரவத்துள், கம்பிவலைக் கூடையொன்றில் குளிசையைப் போட்டு மெல்லச் சுழற்றுவார்கள்; குறித்த நேரத்துக்குள் குறித்த வீதம் கரையவேண்டும். நோயசும் விற்னியும் சுழற்றிய கோல்களே கூடைக்குள் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம். 1995இல் அமெரிக்கப் பேராசிரியர் அமிடோனும் பிறரும், கரைவதையும் குடற்சுவரைக் கடப்பதையும் கொண்டு மருந்துகளை நான்கு வகுப்பாகப் பிரித்தனர். நன்றாகக் கடக்கும், ஆனால் கரையாது என்னும் இரண்டாம் வகுப்புக்குரியதே எங்கள் கிறிசியோபுல்வின்.

எங்கள் நாட்டுக்கும் இதிலே ஒரு பங்குண்டு. மருந்துகளை வியாபாரப் பெயரால் அல்லாது அவற்றின் சொந்தப் பெயரால் வாங்கி ஏழைகளுக்கு எட்டும் விலையிலே கொடுக்கவேண்டும் என்று மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டார். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். "விலை குறைந்த குளிசை வேலை செய்யுமா?" என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் மருந்தகத்து வரிசையிலே எழுகிறது. கேள்வியைப் பழிக்க நான் விரும்பவில்லை. டிஜொக்சினின் கதை அதற்கு நியாயமும் தருகிறது. ஆனால் அதற்கு விடை பெட்டியின் நிறத்திலோ பிறநாட்டுப் பெயரிலோ இல்லை. அந்தக் கம்பிவலைக் கூடையிலும், குருதியளவுச் சோதனையிலும் உள்ளது. அச்சோதனைகளில் தேறியதா என்று கேட்கும் உரிமை விலை கூடிய குளிசைக்கும் பொருந்தும்.

வீட்டிலே கவனிக்கத்தக்க சிலவற்றையும் சொல்லவேண்டும். சாப்பாட்டுக்கு முன், பின் என்று எழுதியிருப்பதை ஒரு சடங்காக எண்ணிவிடாதீர்கள். எழுதியிராவிட்டால் வாய்திறந்து கேளுங்கள். எங்கள் பையனுடைய சரையிலே நேரம் மாத்திரமே எழுதப்பட்டிருந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு மிடறு நீரோடு விழுங்குவதைவிட ஒரு குவளை நீரோடு விழுங்குவது நன்று. இற்றாகொனசோல் உறைகள் இரைப்பையின் அமிலத்திலேதான் கரையும். ஆகவே நெஞ்செரிவுக்கு மருந்து எடுப்பவர் அதனை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. வலிப்பு, இதயம், மாற்றிய சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்தெடுப்போர் ஒரு கொம்பனியின் குளிசையிலிருந்து மற்றதற்குத் தாமாக மாறுதல் ஆகாது. அரைத்தால் நன்றாகக் கரையுமே என்று இப்பேச்சைக் கேட்டவர் எவரும் அம்மியை எடுத்துவிடவும் வேண்டாம். மெல்லக் கரையவேண்டும் என்றே மேற்பூச்சிட்டுச் செய்த குளிசைகள் உள்ளன. அவற்றை நொறுக்கினால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரு மணி நேரத்திலே இறங்கிவிடும்.

பையனின் கதையை முடிக்கவில்லை. விடுதிச் சமையற்காரர் அன்றுமுதல் அவனுக்குச் சொதியை ஓர் அகப்பை கூடுதலாகவே ஊற்றினார். மத்தியானச் சோறு முடிந்ததும் நான் பார்த்திருக்கக் குளிசை போட்டான். ஐந்தாறு வாரங்களில் வட்டங்களின் நடுவிலே பூனைமயிர்போல மெல்லிய மயிர் அரும்பியது. இரண்டு மாதங்களில் மருந்தை நிறுத்தச் சொன்னார் வைத்தியர் அம்மையார். அடுத்த தவணை தொடங்கியபோது, தலைமயிர் காதை மூடுகிறது, வெட்டிக்கொண்டு வா என்று அவனை நானே சலூனுக்கு அனுப்பவேண்டியிருந்தது.